குட்டை ஸ்பிரிங்கும் சீனிக் கோபுரமும்

என் காரைத் தெருவில் நிறுத்தினால் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. "வண்டிக்கு அடியில தீப்பெட்டி போவுமா?" என்பார் ஒருவர். "படுக்க வச்சா போவும், நிக்க வச்சா போவாது" என்பார் இன்னொருவர். நான் காதில் விழாத மாதிரி பூட்டிவிட்டு நடப்பேன். உள்ளுக்குள் பெருமைதான். அவ்வளவு தாழ்வாக நிற்கிற கார் காரைக்கால் பக்கம் எங்கள் கோட்டுச்சேரியில் வேறு யாரிடமும் கிடையாது.

வாங்கும்போது அது இப்படி இல்லை. புதுச்சேரியில் ஒரு பல் டாக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஹேட்ச்பேக். சின்ன உடம்பு, டர்போ வைத்த எஞ்சின், பின்கதவில் சிவப்பு எழுத்தில் 'ஸ்போர்ட்'. அவருக்குக் குழந்தை பிறந்து பெரிய கார் தேவைப்பட்டது. எனக்கு எதுவும் பிறக்கவில்லை, அதனால் சின்னது போதும். வீட்டில் உட்கார்ந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள் நான். நாள் முழுக்கத் திரையையே பார்த்துக் கிடந்தால் சாயங்காலம் கால் தானாக ஆடும். இரண்டாவது கியரில் அழுத்தும்போது முதுகை சீட்டோடு ஒட்டவைக்கிற அந்தத் தள்ளல் இருக்கிறதே, அதற்காகத்தான் வாங்கினேன். அப்பா காரை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இத ஒண்ணும் பண்ணாம ஓட்டு" என்றார்.

ஒன்றும் பண்ணாமல் ஓட்டுகிற புத்தி எனக்கு இல்லை. முதலில் ஏர் ஃபில்டர் மாற்றினேன். அப்புறம் அகல டயர். அப்புறம் சைலன்சர், பழையதைக் கழற்றிக் காயலான் கடையில் போட்ட அன்றைக்கே புதியது உறுமிய உறுமலில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டதாக அம்மாவுக்குப் புகார் வந்தது. கடைசியாக ஸ்பிரிங். ஒரிஜினல் நான்கையும் எடுத்துவிட்டு, காரைத் தாழ்த்துகிற குட்டை ஸ்பிரிங் நான்கு. காரைக்காலில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற அண்ணன், மாட்டுவதற்கு முன்னால் ஒருமுறை கேட்டார்.

"எதுக்குமா இது?"

"வளைவுல திரும்பும்போது கார் ரோட்ட அப்படியே கட்டிப்புடிச்சிக்கும்ணே."

"நம்ம ஊர்ல எங்க வளைவு இருக்கு? கோடு போட்ட மாதிரி வாய்க்கா, வாய்க்கா பக்கத்துல ரோடு." சொல்லிக்கொண்டே மாட்டிவிட்டார்.

கழற்றிய ஸ்பிரிங்குகளை மொட்டை மாடியில் போட்டேன். அடுத்த வாரம் பார்த்தால் அம்மா அவற்றை நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி வைத்திருந்தாள். தண்ணீர் வடிய வசதியாக இருக்கிறதாம்.

வளைவுகள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் வேகத்தடைக்குக் குறைவே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, சர்ச்சுக்கு ஒன்று, பள்ளிவாசலுக்கு ஒன்று, யாரோ ஒருவர் மாடு அடிபட்ட கோபத்தில் சொந்த சிமெண்டில் கட்டியது ஒன்று. குட்டை ஸ்பிரிங்கோடு எதையும் நேராகத் தாண்ட முடியாது. காரைக் குறுக்காகத் திருப்பி, ஒரு சக்கரம் ஏற்றி, மூச்சைப் பிடித்து, இன்னொரு சக்கரம் ஏற்றி, நண்டு மாதிரி போகவேண்டும். பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடித்தே கொன்றுவிடும். ஞாயிறு பூசைக்குப் போகும்போது அம்மா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். வேகத்தடை வந்தால் கதவைத் திறந்து இறங்கிக்கொள்வாள். நடந்து தாண்டி, அந்தப் பக்கம் நின்று, நான் நண்டு நடை நடந்து சேர்ந்ததும் மறுபடி ஏறிக்கொள்வாள். இடுப்பு வலிக்காரி, பாவம். கோட்டுச்சேரியே இதை வேடிக்கை பார்த்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியது. வீட்டில் கறி நின்றது. அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "நான் கறிய விட்டேன். உங்க அம்மா காப்பிய விட்டா. நீ அந்த ஸ்பிரிங்க விடலாம்ல?"

"அதெல்லாம் பாவத்துல சேராதுப்பா."

"உங்க அம்மா இடுப்பக் கேளு, எதுல சேரும்னு."

நான் விடவில்லை.

அந்தத் தவக்காலத்தில்தான் அக்காவுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு விழிதியூர். ஆனால் குடும்பம் முழுக்க பிரான்சில். அத்தானின் அம்மா, இனி எங்களுக்கு அத்தை, பத்து வயதில் அங்கே போனவர். கல்யாணத்துக்காக முன்கூட்டியே வந்து, பூட்டிக் கிடந்த விழிதியூர் வீட்டைத் திறந்து தங்கியிருந்தார். தவக்காலத்தில் கல்யாணம் வைக்கமாட்டோம் என்பதால், எங்கள் பக்கத்தில் ஈஸ்டர் முடிந்த வாரம் எல்லா மண்டபமும் நிறைந்துவிடும். எங்களுக்கும் அந்த வாரம்தான் கிடைத்தது. அதே வாரம்தான் வயலில் இன்னொரு வேலையும் உச்சத்தில் இருக்கும் என்று கல்யாணத் தேதி குறித்தவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

நெல் அறுத்த ஈரத்தில் வளர்ந்த உளுந்தைப் பங்குனியில் பிடுங்கிக் காயவைப்பார்கள். களம் எங்கே இருக்கிறது இப்போது? தார்ரோடுதான் களம். செடியோடு ரோட்டில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பிவிடுவார்கள். பஸ், டிராக்டர், பால் வண்டி, எல்லாம் அதன் மேல் ஏறி ஓடவேண்டும். சக்கரம் பட்டுக் காய் வெடித்து உளுந்து அடியில் தங்கும். காசில்லாமல் போரடிக்கிற வேலையை ஊர் வாகனங்கள் செய்துகொடுக்கும். திட்டிக்கொண்டேதான் எல்லோரும் ஓட்டுவோம். ஆனால் ஒதுங்கிப் போகிற பழக்கம் இல்லை.

அத்தையைப் பார்க்க அக்காவை நான்தான் முதல் தடவை விழிதியூருக்கு அழைத்துப் போனேன். ஊருக்கு முன்னால் ரோட்டில் உளுந்து. மற்றவர்கள் ஓட்டுகிற மாதிரி நானும் ஓட்டினேன். கார் ஏறவில்லை. உழுதது. முன்பக்கம் செடியைத் தள்ளிக்கொண்டே போகிற சத்தம் சரசரவென்று கேட்டது.

"கருகுற வாசம் வருதுடி" என்றாள் அக்கா.

"டயர் வாசம். ஸ்போர்ட் காருல அப்படித்தான் வரும்."

"ஸ்போர்ட் காருல பொகையும் வருமா?"

வந்தது. பானெட் ஓரத்திலிருந்து வெள்ளைப் புகை. ரோட்டோரம் முறத்தோடு நின்ற பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். "எறங்கு பாப்பா, எறங்கு எறங்கு!" தலையில் பச்சைத் துண்டு கட்டிய அக்கா ஒருவர் அரிவாளோடு படுத்து, காருக்கு அடியில் கையை விட்டு இழுக்க இழுக்க, சுடுகிற சைலன்சரைச் சுற்றிக்கொண்டிருந்த காய்ந்த செடி கத்தை கத்தையாக வந்தது. இன்னொருவர் குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். தீ பிடிக்கவில்லை. பிடிப்பதற்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

பச்சைத் துண்டு அக்கா எழுந்து முழங்கையில் மண்ணைத் தட்டினார். "என்னா பாப்பா, இது வண்டியா, வெளக்கமாறா? எங்க உளுந்த பூரா வழிச்சிக்கிட்டு வந்திருக்க!"

"மன்னிச்சுக்குங்கக்கா. டர்போ வச்ச வண்டி, கொஞ்சம் தாழ்வு."

"மன்னிக்கிறது இருக்கட்டும். வண்டி வயத்துல ரெண்டு மரக்கா உளுந்து இருக்கும்போல. அளந்து குடுத்துட்டுப் போ."

எல்லோரும் சிரித்தார்கள். என் அக்காவும் என்னை விட்டுக்கொடுத்து அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

கரிப்புகை வாசத்தோடுதான் அத்தை முன்னால் போய் நின்றோம். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. ஒல்லியான உருவம், குட்டை முடி, பத்து வயதோடு நின்றுபோன தமிழ். எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்; மரியாதைக் குறைவு இல்லை, அந்த வயதில் அவ்வளவுதான் கற்றுக்கொண்டிருந்தார். உறவுக்காரப் பெண்கள் வந்து அவரை ஒரு பரீட்சை மாதிரி பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பூக் கட்டத் தெரியவில்லை. கல்யாணப் புடவை எந்தக் கடையில் எடுப்பது என்று தெரியவில்லை. சீர்த்தட்டு எப்படி அடுக்குவது என்று தெரியவில்லை. "மாமியாரே விருந்தாளியா வந்திருக்கு" என்று யாரோ சொன்னதும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"எனக்கு ஒண்ணு தெரியும்" என்று எங்களிடம் சொன்னார். "அங்க ஸ்கூல் கிச்சன்ல முப்பது வருஷம் வேல. பியெஸ் மோந்தே நான் செஞ்சா எல்லாரும் கேப்பான், யாரு செஞ்சான்னு. என் பிள்ள கல்யாணத்துக்கு நான் செய்யணும். அது ஒண்ணுதான் என் கையில இருக்கு."

அது என்னவென்று படம் காட்டினார். எலுமிச்சை அளவு மாவு உருண்டைகள், உள்ளே க்ரீம். ஒவ்வொன்றையும் கொதிக்கிற சீனிப்பாகில் தோய்த்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒட்டி, கோபுரம். அங்கே கல்யாணம் என்றால் கேக் இல்லையாம், இதுதானாம். அக்காவுக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. எனக்கு அதைப் பார்த்ததும் ஒன்றுதான் தோன்றியது: பாகு. காரைக்கால் கடற்காற்றில் பாகு எவ்வளவு நேரம் நிற்கும்?

அத்தைக்கும் அந்தக் கவலை இருந்தது. சின்னதாக ஒன்று செய்து பார்த்திருந்தார். ஏசி போட்ட அறையில் கல் மாதிரி நின்றதாம். வெளியே வைத்ததும் வியர்த்து, இளகி, ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டதாம். மண்டபத்துச் சமையல்கட்டில் பிரியாணி ஆவி. அங்கே வைத்து ஒட்ட முடியாது. ஆக, விழிதியூர் வீட்டின் ஏசி அறையில் செய்து, ஏசி உள்ள வண்டியில் ஏற்றி, மண்டபத்தின் ஏசி ஹாலில் இறக்கவேண்டும். பின்சீட்டை மடக்கினால் தட்டையாக, பின்கதவு மேலே திறக்கிற மாதிரி, கோபுரம் நிற்கிற உயரத்தோடு ஒரு வண்டி வேண்டும்.

அத்தையும் அக்காவும் என்னைப் பார்த்தார்கள். நான் சந்தோஷத்தில் யோசிக்காமல், "என் கார் இருக்குல்ல!" என்றேன்.

திரும்பும் வழியில் அக்கா சிரிக்கவில்லை. "பாரு. அது விழுந்தா அத்தை அழுவாங்க. அத்தை அழுதா நான் அழுவேன். நான் அழுதா மேக்கப் போயிரும். அப்புறம் ஆல்பத்துல ஆயுசுக்கும் உன் காரோட லட்சணம்தான் தெரியும்."

அன்றைக்கு அவளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளமாக எண்ணாத குறையாக ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் முதுகுத்தண்டு வழியாகப் பல்லுக்கு ஏறியது. அதுவரை அதை 'ஃபீட்பேக்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சீனிப்பாகு அதைத் தாங்காது.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலை மாடிக்குப் போய் குரோட்டன்ஸ் தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிவைத்தேன். அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள்.

"என் தொட்டிக்கு என்ன பதில்?"

"குட்டை ஸ்பிரிங் நாலு வரும்மா. புதுசு. நல்ல செவப்பு."

"தண்ணி வடியுமா?"

"அதுக்குன்னே செஞ்ச மாதிரி வடியும்."

ஒர்க்‌ஷாப்பில் அண்ணன் என்னையும் ஸ்பிரிங்குகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவற்றின் மேல் வளையத்தில் இன்னும் செம்மண் ஒட்டியிருந்தது. "கார் ரோட்ட கட்டிப்புடிக்கணும்னு சொன்னியேம்மா?"

"கட்டிப்புடிச்ச வரைக்கும் போதும்ணே. கழட்டுங்க."

"சைலன்சர்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பழையதுதான் காயலான் கடைக்குப் போய்விட்டதே. புதியதில் ஒரு குணம் உண்டு: எஞ்சின் சுற்று ஒரு அளவைத் தாண்டினால் 'கும்' என்று ஒரு அதிர்வு தரையிலிருந்து எழுந்து கார் முழுக்க ஓடும். கப் ஹோல்டரில் வைத்த சில்லறை ஆடும். எனக்கு அது சங்கீதம். கோபுரத்துக்கு அது நிலநடுக்கம். மறுநாள் அந்த அளவைத் தொடாமலே ஓட்டவேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். வேறு வழியும் இல்லை.

கல்யாணத்தன்று காலையில் பூசை, தாலி, மதியச் சாப்பாடு எல்லாம் நல்லபடி நடந்தது. சாப்பிட்ட கையோடு அத்தை விழிதியூர் திரும்பி, ராத்திரி வரவேற்புக்காகக் கோபுரம் கட்டினார். வெயில் தாழ்ந்ததும் நான் போனேன். பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் சொருகி, செருப்பைக் கழற்றிப்போட்டு, வெறுங்காலோடு பெடல். காரை வாசலோடு ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்தி, ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, உறவுக்காரர் இரண்டு பேர் பலகையோடு தூக்கிவர, கோபுரம் உள்ளே ஏறியது. மேல் உருண்டைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு விரல் போகும். பொன்னிறப் பாகு நூல் நூலாகச் சுற்றி மின்னியது. எவ்வளவு அழகு என்று அப்போதுதான் பார்த்தேன்.

அத்தை முன்சீட்டில் உட்காரமாட்டேன் என்றுவிட்டார். பட்டுப்புடவையோடு பின்பக்கம் ஏறி, கோபுரத்தின் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "போ. தூஸ்மான், தூஸ்மான்" என்றார். மெதுவாக என்று அர்த்தம். அன்றைக்கு அந்த ஒரு பிரெஞ்சு வார்த்தையை நான் ஜென்மத்துக்கும் போதுமான அளவு கேட்டேன்.

தெருமுனை வேகத்தடை. பழக்க தோஷத்தில் குறுக்காகத் திருப்பினேன். அப்புறம் ஞாபகம் வந்து நேராகவே விட்டேன். கார் ஏறியது, இறங்கியது, ஒரு பெருமூச்சு மாதிரி அமிழ்ந்து எழுந்தது. அவ்வளவுதான். எதுவும் இடிக்கவில்லை. வாங்கிய புதிதில் இப்படித்தான் இருந்ததா இந்தக் கார்? நான் கவனிக்கவே இல்லை.

அடுத்து பள்ளங்கள். சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்து, 'ஸ்போர்ட்' எழுத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். ஒரு இடத்தில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி மறுபடி கிளப்பும்போது கால் கொஞ்சம் அழுந்திவிட்டது. 'கும்.' பின்னாலிருந்து அத்தையின் அலறல். "ஆடுது! ஆடுது! உன் காரு பேசுது, வாய மூடச் சொல்லு!"

காலை எடுத்தேன். மூன்றாவது கியரில், எஞ்சின் முனகுகிற அளவில் உருட்டிக்கொண்டு போனேன். அப்போது தெரிந்தது முன்னால் உளுந்து.

பரப்பியிருந்தார்கள், ரோட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும், தூரம் வரைக்கும். பிரேக் போட்டு நின்றேன். கண்ணாடியை ஒரு விரல் இறக்கினேன், ஏசி போய்விடக்கூடாது.

"அக்கா! கொஞ்சம் ஓரமா ஒதுக்கிவிடுங்களேன். உள்ள கல்யாணச் சாமான் இருக்கு. ஆடக்கூடாது."

பச்சைத் துண்டு அக்கா குனிந்து எட்டிப் பார்த்தார். முதலில் என்னை அடையாளம் தெரிந்தது. "யாரு, வெளக்கமாத்துப் பாப்பாவா!" அப்புறம் பின்னால் கோபுரமும் அதை அணைத்தபடி உட்கார்ந்திருந்த அத்தையும் தெரிந்தார்கள். அவர் முகம் மாறியது. காரைத் தாண்டிப் பின்னால் போய், அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"வண்டி ஒசந்திருக்கு போல."

"ஆமாக்கா. பழைய ஸ்பிரிங் மாட்டிட்டேன்."

"பின்ன எதுக்கு ஒதுக்கணும்? ஒதுக்குனா கீழ பூரா பள்ளம். போன மழைக்கே பேந்துகெடக்கு. மேலயே ஏறு. மெத்த மாதிரி போவும். கல்வெர்ட்டுகிட்ட மட்டும் எடதுபக்கம் புடி."

எனக்கு நம்பிக்கை இல்லை. புகை வந்த நாள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. பின்னால் அத்தை, "என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏசி ஊதிக்கொண்டிருந்தது, ஆனாலும் கண்ணாடியில் வெயில் அடிக்கிற பக்கம் பாகு லேசாகப் பளபளப்பது தெரிந்தது. நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் அதற்குக் கெடுதல்.

ஏறினேன்.

சத்தம் மாறியது. தார்ரோட்டின் தடதடப்பு போய், சக்கரத்துக்குக் கீழே பொரி வெடிக்கிற மாதிரி ஒரு மெல்லிய படபடப்பு. கார் மிதந்தது. வேறு வார்த்தை இல்லை எனக்கு. விழிதியூரிலிருந்து மண்டபம் வரைக்குமான ரோட்டிலேயே வழவழப்பான பகுதி அதுதான். வாய்க்கால் மேல் இருந்த கல்வெர்ட்டில் இடதுபக்கம் பிடித்தேன். பெண்கள் இரண்டு ஓரமும் ஒதுங்கி நின்று, தேர் போவதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். உளுந்து முடிந்ததும் இறங்கி அடியில் பார்த்தேன். ஒரு செடிகூட ஒட்டியிருக்கவில்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். அத்தை கண்ணை மூடி ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். கோபுரம் நின்றது.

மண்டபத்தில் இறக்கும்போது அடிவரிசையிலிருந்து ஒரே ஒரு உருண்டை கழன்று பலகையில் உருண்டது. அத்தை அதைக் கையில் எடுத்து, பாதியைக் கடித்துவிட்டு, மீதியை என் வாயில் திணித்தார். ஹாலில் கோபுரத்தை வைத்ததும் கூட்டம் கூடிவிட்டது. "என்னாது, லட்டுல மாதா கோயிலா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். "யாரு செஞ்சது?" என்று அதே உறவுக்காரப் பெண்கள் கேட்டார்கள். அத்தை கையைத் தூக்கினார், வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை மாதிரி. "நான்" என்றார். அக்கா மேடையிலிருந்து என்னைப் பார்த்து மேக்கப் கலையாமல் சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அத்தையைக் காணோம் என்று தேடினார்கள். என் காரில் இருந்தார். ஏசி போட்டு, முன்சீட்டைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கம். அப்பா கார் பக்கத்தில் காவல் மாதிரி நின்றுகொண்டிருந்தார். "எழுப்பாத. அவங்க தூங்கட்டும்" என்றார். அப்புறம் காரின் கூரையில் கை வைத்து, "இப்பதான் இது கார் மாதிரி நிக்குது" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நெஞ்சில் கட்டிவைத்திருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்த மாதிரி. நண்டு நடை இல்லை, அம்மா இறங்கி நடக்கவேண்டாம், ரோட்டைப் பார்த்தால் பயம் இல்லை.

மறுநாள் மீந்த உருண்டைகளை டப்பாவில் போட்டு அத்தை என்னிடம் கொடுத்தார். "அந்த ரோட்டுப் பொம்பளைங்களுக்குக் குடு." கொண்டுபோனேன். பாகு பிசுபிசுத்து எல்லாம் ஒரே கட்டியாகியிருந்தது. பச்சைத் துண்டு அக்கா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"உள்ள காத்துதான் இருக்கு."

"க்ரீம் இருக்குக்கா."

"இத்துனூண்டு உருண்டைக்கா நேத்து அவ்ளோ பொத்திப் பொத்திப் போன?" இன்னொன்றை எடுத்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. அந்தம்மா அழுவலயே?"

"இல்லக்கா. தூங்கிட்டாங்க."

"அப்ப சரி." விரலை நக்கிவிட்டு ரோட்டைக் காட்டினார். அன்றைக்குப் பிடுங்கிய செடி, புதிதாகப் பரப்பியிருந்தது. "பஸ்ஸு இன்னும் வரல. சும்மா நிக்காம நாலு நடை மேல ஓட்டு. நேத்து ஓசியில மெத்தையில போனல்ல."

ஓட்டினேன். கல்வெர்ட்டு வரைக்கும் போய், திரும்பி, மறுபடி. ஒவ்வொரு திருப்பத்திலும் இறங்கிக் குனிந்து அடியைப் பார்த்துக்கொண்டேன். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டிருந்தேன். காய் வெடிக்கிற சத்தம் உள்ளே வந்தது, தூசியும் வந்தது. கால் அழுந்தும்போது சைலன்சர் 'கும்' என்றது. அதிர்ந்து விழ இப்போது உள்ளே எதுவும் இல்லை. பெண்கள் ஓரத்தில் முறத்தோடு காத்திருந்தார்கள்.

"போதுமாக்கா?"

"இன்னும் ரெண்டு நடை போ பாப்பா. டர்போவோ என்னமோ சொன்னியே, அதையும் போடு."